சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: கூடலூரில் ஒரு மருந்துக்கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது தேனி மாவட்டத்துக் கூடலூர், நீலகிரிக் கூடலூர் இல்லை. கம்பம் தாண்டி, லோயர் கேம்புக்கு முன்னால், குமுளி மலை ஏறுகிற வழியில் இருக்கிற ஊர். மெயின் ரோட்டில், சாயங்காலம் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் ஆள் இறக்குகிற இடத்துக்கு எதிரே ஒரு சின்ன மருந்துக்கடை. பெயரை எழுதவில்லை. அங்கே வேலை பார்க்கும் மருந்தாளுநர் அக்காதான் வேண்டாம் என்றார். "நல்லா எழுதுங்க தம்பி, கடை பேர மட்டும் போடாதீங்க. எந்த டாக்டராவது படிச்சிட்டு, மருந்துக்கடையில உக்காந்து வைத்தியம் பாக்குறாளான்னு கேட்டா முதலாளிக்குத்தான் சங்கடம்" என்றார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதை விட்டுவிட்டு இந்தக் கடையைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

என் அம்மாவுக்கு 61 வயது. இருபது வருடத்துக்கு மேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். விடிவதற்கு முன்பே தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, மலையில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்துவிட்டு, இருட்டுகிற நேரத்துக்கு இறங்குவார். சர்க்கரை வந்து பத்து வருடம் ஆகிறது, போன வருடத்திலிருந்து இன்சுலின். காலையில் 20 யூனிட். மருந்துக் குப்பியை ஓர் இடத்தில் வாங்குவோம், சிரிஞ்சு தீர்ந்தால் கைக்கு எட்டின கடையில் வாங்குவோம். அப்படி ஒரு நாள் வேறு ஒரு கடையில் "இன்சுலின் போடுற சிரிஞ்சு கொடுங்க" என்று கேட்டு ஒரு பாக்கெட் வாங்கிவந்தேன். எந்த அளவு சிரிஞ்சு என்று அவர்களும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அடுத்த மூன்று வாரத்தில் சர்க்கரை 300ஐத் தாண்டிவிட்டது. ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறார், நாக்கு வறள்கிறது, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிடுகிறார். டாக்டரிடம் கூட்டிப்போனோம், 20ஐ 28 ஆக்கினார். அப்போதும் இறங்கவில்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து அம்மாவைத்தான் திட்டினோம். யாருக்கும் தெரியாமல் இனிப்பு சாப்பிடுகிறாயா என்று நானே முகத்துக்கு நேராகக் கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த வாரம் கால் எரிச்சலுக்கு மாத்திரை வாங்கத்தான் இந்தக் கடைக்குப் போனோம். நான் சீட்டை நீட்டினேன். அக்கா சீட்டைப் படித்தார், அதில் 28 என்று எழுதியிருந்ததைப் பார்த்தார், அம்மாவின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். "பெரியம்மா, ஊசி யாரு போட்டுவிடுறா?" என்று கேட்டார். நானே போட்டுக்குவேன் தாயி என்றார் அம்மா. "சிரிஞ்சு பையில இருக்கா? எப்படி எடுப்பீங்கன்னு காட்டுங்க." அம்மா மஞ்சப்பைக்குள் கைவிட்டு ஒரு சிரிஞ்சை எடுத்து நீட்டினார். அக்கா அதைக் கையில்கூட வாங்கவில்லை. மூடியைப் பார்த்தவுடனே, "குப்பி எத்தனை ஐ.யூ.?" என்று என்னைக் கேட்டார். நான் முழித்தேன்.

விஷயம் இதுதான். இங்கே நிறைய பேர் போட்டுக்கொள்ளும் குப்பி இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். அதற்கென்று ஒரு சிரிஞ்சு, சிவப்பு மூடி போட்டது. ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற இன்சுலினுக்கு வேறு சிரிஞ்சு, அதற்கு ஆரஞ்சு மூடி. இரண்டிலும் கோடும் எண்ணும் இருப்பதால் பார்வைக்கு ஒன்று போலவே தெரியும். எங்கள் வீட்டுக் குப்பி 40, நான் வாங்கிவந்த சிரிஞ்சு 100. அந்தச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரைக்கும் இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். டாக்டர் 28 ஆக்கிய பிறகும் அம்மாவின் உடம்புக்குள் போனது 11 யூனிட் சொச்சம். அம்மா ஒளித்து எதையும் தின்னவில்லை. மருந்து போகவில்லை, அவ்வளவுதான். இதுவே தலைகீழாக, 100 குப்பியை 40 சிரிஞ்சில் இழுத்திருந்தால் 20 கோட்டுக்கு 50 யூனிட் போயிருக்கும், ஆள் மயங்கி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

இதைக் கண்டுபிடித்ததைவிட, அடுத்து அவர் செய்த காரியம்தான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. சிவப்பு மூடி சிரிஞ்சைக் கொடுத்து "இனிமே இதுல போடுங்க" என்று அனுப்பியிருக்கலாம், அவருக்கும் வியாபாரம் முடிந்திருக்கும். அப்படி அனுப்பியிருந்தால் மறுநாள் காலையில் அம்மா சரியான சிரிஞ்சில் 28 போட்டிருப்பார். இத்தனை நாள் 11 போன உடம்பில் திடீரென்று முழு 28 இறங்கினால் சர்க்கரை எங்கே போய் நிற்கும்? அக்கா எங்களை நிற்கவைத்துவிட்டு, சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு டாக்டரிடம் பேசினார். நல்ல மனுஷன், நன்றி சொல்லி, அளவைக் குறைத்து, மூன்று நாள் கழித்து வந்து காட்டச் சொன்னார். அக்கா அதை ஒரு காகித உறையில் எழுதி, மேலே சிவப்புப் பேனாவால் மூடி போல ஒரு வட்டம் போட்டு அம்மா கையில் கொடுத்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வட்டம் தெரியும்.

பழைய சிரிஞ்சுகளை என்ன செய்வது என்று கேட்டேன். வீட்டில் வைக்காதீர்கள், கொண்டுவந்து கொடுங்கள் என்றார். கொடுத்தோம். அன்றைக்கு எங்கள் பில் இருநூறு ரூபாய்கூட இல்லை. கடையில் நாங்கள் நின்றது அரைமணி நேரம்.

அதற்கப்புறம் ஏழெட்டு மாதமாக அந்தக் கடைக்குத்தான் போகிறேன். கூட்டம் இல்லாத நேரத்தில் ஓரமாக நின்று அவர் வேலை செய்வதைக் கவனித்திருக்கிறேன். அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி அச்சடித்த பக்கத்தைக் கடைசி மாத்திரை வரைக்கும் விட்டுவைப்பார். உறையில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை, சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் வெறும் தட்டு, பின்னால் என்றால் சோறு போட்ட தட்டு என்று பேனாவால் வரைந்துவிடுவார். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதிவருகிற ஆட்களிடம் மட்டும் படத்தோடு விடமாட்டார். அது வாரத்துக்கு ஒரு நாள் போடுகிற மாத்திரை, தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. "எந்தக் கிழமை?" என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, அந்தக் கிழமையை உறையில் பெரிதாக எழுதுவார். இன்ஹேலர் வாங்குகிறவர்களிடம் அங்கேயே ஒரு தடவை இழுத்துக் காட்டச் சொல்வார், பாதிப் பேர் தப்பாகத்தான் இழுக்கிறார்கள். இழுத்து முடித்ததும் வாயைக் கொப்புளிக்கச் சொல்வார், ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் கொப்புளிக்காவிட்டால் வாயில் வெள்ளையாகப் படியும். வெயில் காலத்தில் ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு, இன்சுலின் குப்பியை ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுப்பார்.

இந்தக் கடைக்குக் குமுளியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். காய்கறி வாங்க இறங்குகிறவர்கள் அப்படியே மருந்தும் வாங்கிப்போவது வழக்கம். அக்கா அவர்களிடம் மலையாளத்தில் பேசுவார். நம் ஆள் "வலி" என்பதை அவர்கள் "வேதனை" என்பார்கள், மாத்திரையைக் "குளிக" என்பார்கள், வெறும் வயிறு மட்டும் இரண்டு பக்கமும் வெறும் வயிறுதான். இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். கோட்டயம் மெடிக்கல் காலேஜில் எழுதிக்கொடுத்த சீட்டோடு இங்கே வந்து நிற்கிற ஒரு கிழவருக்கு, எது காலை எது ராத்திரி என்று தன் பாஷையில் ஒருவர் சொல்வது சின்ன விஷயம் இல்லை. தோட்டத்தில் வேலை செய்கிற நம் பெண்களுக்கும் மலைக்கு மேலே ஒரு டாக்டர், கீழே ஒரு டாக்டர். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒரே ஆள் மருந்துக்கடைக்காரர்தான்.

ஒரு நாள் என் கண் முன்னாலேயே நடந்தது. அம்மாவோடு வேலை பார்த்த ஓர் அத்தை, கால் இரண்டும் வீங்கிப்போய், தலை கிறுகிறுக்கிறது என்று வந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வருகிறது. (2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது, எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அந்த மாத்திரைதான்.) மலையில் இருந்தபோது மயக்கம் வந்து, அங்கே பார்த்த டாக்டரும் ஒரு பிரஷர் மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார். அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு, உள்ளே இருந்தது இரண்டிலும் ஒரே அம்லோடிபின். அத்தை இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா பிரஷர் பார்த்தார், நன்றாக இறங்கியிருந்தது. அந்த டாக்டருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் இல்லை, இருந்தாலும் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "நீங்க டாக்டரா? எழுதினதக் கொடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்." அக்கா "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அத்தையிடம் இரண்டு அட்டையையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்து, இது இரண்டும் ஒண்ணுதான், இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அங்கே இருக்கிற டாக்டரிடம் இரண்டையும் காட்டுங்கள் என்று அனுப்பினார். கடைப் பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போய், கடையில் வேறு யாரும் இல்லாமல், நான் மட்டும் மழை விடுவதற்குக் காத்திருந்தேன். அன்றைக்குத்தான் நிறைய பேசினார். டி.பார்ம் இரண்டு வருடம், அப்புறம் 500 மணி நேரம் பயிற்சி. படித்ததெல்லாம் வேதியியலும் மருந்து செய்முறையும்தான், ஒரு நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அந்தக் காலத்தில் பெரிதாக யாரும் சொல்லித்தரவில்லை, கவுன்ட்டரில் நின்று தப்புச் செய்து செய்துதான் கற்றுக்கொண்டேன் என்றார். 2015-இல் ஃபார்மசி கவுன்சில் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. மருந்து கொடுக்கும்போது அதன் பெயர், அளவு, எப்படிப் போடுவது, என்ன பக்கவிளைவு வரலாம், எங்கே வைப்பது, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது எல்லாவற்றையும் மருந்தாளுநர் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. "சட்டத்துல நான் பேசணும்னு இருக்கு தம்பி. பேசுறதுக்கு நேரம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

நேரம்தான் முதல் தடை. சாயங்காலம் ஜீப் வந்து நின்றால் ஒரே சமயத்தில் முப்பது பேர் கவுன்ட்டரில். எல்லோருக்கும் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும். "உடம்பு வலிக்கு ஒரு செட்டு" என்று பத்து ரூபாயை நீட்டுவார்கள். செட்டு என்றால் உங்களுக்கே தெரியும், வலி மாத்திரை, கேஸ் மாத்திரை என்று மூன்று நாலு மாத்திரையைப் பிரித்து ஒரு உறையில் போட்டுக் கொடுப்பது. சில இடங்களில் அதற்குள் ஸ்டீராய்டும் போய்விடும், உடனே கேட்கும், நாள்பட நாள்பட முகம் ஊதி, எலும்பு தேய்ந்து, சர்க்கரையும் ஏறும். அக்கா செட்டு கட்டுவதில்லை. பாராசிட்டமால் கொடுப்பார், எத்தனை நாளாக வலி என்று கேட்பார். ஆரம்பத்தில் இதற்கே ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்களாம்.

அடுத்தது பணம். மருந்துக்கடைக்கு வரும்படி என்பது விற்கிற அட்டையில்தான். அரசு விலை நிர்ணயித்த மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் வைத்துத்தான் விலையே போடுகிறார்கள். பேசுவதற்கு யாரும் காசு தருவதில்லை. என் அம்மாவிடம் அரைமணி நேரம் பேசியதற்குக் கடைக்கு வந்தது என்ன? அத்தை விஷயத்திலோ ஒரு அட்டை விற்பனை போனதுதான் மிச்சம். "மாத்திரைய குறைச்சா எனக்கு நல்ல பேரு, கடைக்கு நஷ்டம். முதலாளி நல்லவரு, அதனால விட்டுட்டாரு. எல்லா முதலாளியும் விடுவாங்களா?" என்றார். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31-இல் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். தொண்டை வலி, காது வலி, பெண்களுக்கு வருகிற நீர்க்கடுப்பு, பூச்சிக்கடி என்று ஏழு பிரச்சினைகளுக்கு மருந்தாளுநரே பார்த்து, தேவைப்பட்டால் டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்தும் கொடுக்கலாம், அப்படி ஒருவரைப் பார்ப்பதற்கு அரசே கடைக்கு 15 பவுண்டு தரும் என்று தொடங்கினார்கள். அதற்கென்று கடைக்குள் தனி அறையும் வேண்டும். நான் இதைச் சொன்னபோது அக்கா தனி அறை என்ற இடத்தில்தான் நிமிர்ந்து பார்த்தார், பணத்துக்கு இல்லை.

அதற்கும் காரணம் இருக்கிறது. அவர் கடையில் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம் உண்டு. நீர்க்கடுப்பு, வெள்ளைப்படுதல், மூலம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத சங்கதியோடு வருகிற பெண்கள் கூட்டம் குறையும் வரைக்கும் தள்ளி நிற்பார்கள். பிறகு அந்த இடுக்கில் கூப்பிட்டுக் காதோரமாகக் கேட்பார். தோட்டத்தில் பகல் முழுக்க ஒண்ணுக்குப் போக ஒதுக்குப்புறம் கிடைக்காமல், தண்ணீரே குடிக்காமல் அடக்கிவைத்து நீர்க்கடுப்போடு வருகிற பெண்கள் நிறைய. முப்பது பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வார்கள்? ஒரு பலகைத் தடுப்பு இருந்தால்கூடப் போதும் என்றார். கடையின் அகலமே எட்டு அடி.

சட்டம் பற்றியும் பேசினார். ஷெட்யூல் எச்1 மருந்துகளுக்கு, அதாவது செஃபிக்சிம் மாதிரி ஆன்டிபயாட்டிக், தூக்கத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம், காசநோய் மருந்து இவற்றுக்கெல்லாம், 2014 மார்ச்சிலிருந்து தனி நோட்டு எழுத வேண்டும், எழுதினவர் பெயர், வாங்கினவர் பெயர், எத்தனை என்று. மூன்று வருடம் அந்த நோட்டை வைத்திருக்க வேண்டும். காசநோய் மருந்து வாங்குகிறவர் விவரத்தை அரசுக்குத் தெரியப்படுத்த வேண்டியதும் மருந்துக்கடையின் பொறுப்பு. இவ்வளவு பொறுப்புக் கொடுக்கிற சட்டம், டாக்டர் ஒரு பிராண்ட் எழுதியிருந்தால் அதே மருந்தை விலை குறைந்த வேறு பெயரில் மாற்றிக் கொடுக்க மருந்தாளுநரை விடுவதில்லை. "பொறுப்பு என் தலையில, முடிவு என் கையில இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எச்1 நோட்டில் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்.

அந்த ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் மட்டும் அவர் கறார். கேரளத்தில் 2024 தொடக்கத்திலிருந்து ஆபரேஷன் அம்ரித் என்று கடை கடையாகச் சோதனை, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நடவடிக்கை. அங்கே கிடைக்கவில்லை என்று மலை இறங்கி வந்த ஒரு பையன் அசித்ரோமைசின் கேட்டான், மூன்று மாத்திரை போதும் சேச்சி, வெறும் ஜலதோஷம்தான் என்றான். இல்லை என்றார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம் இந்தப் பக்கம் ஒரு சட்டம் இல்லை, இரண்டு பக்கமும் சீட்டு வேண்டும் என்று மலையாளத்திலேயே சொல்லி, உப்புத் தண்ணீரில் கொப்புளிக்கச் சொல்லி அனுப்பினார். அவன் எதிர்த்த பக்கம் வேறு கடைக்குப் போனதையும் நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்.

இன்னும் நிறைய செய்ய ஆசையா என்று கேட்டேன். உடனே ஆமாம் என்று சொல்லவில்லை, யோசித்தார். பிரஷர், சர்க்கரை இருக்கிறவர்களை மாதம் ஒருமுறை வரச்சொல்லி மாத்திரை எண்ணிப் பார்ப்பது, பக்கவிளைவு இருந்தால் எழுதி அனுப்புவது, டாக்டருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுப்பது, இதற்கெல்லாம் தயார், இப்போதே பாதி செய்கிறேன் என்றார். (பக்கவிளைவைப் பொதுமக்களே சொல்லவும் 1800-180-3024 என்று இலவச எண் இருக்கிறது. ஒரு மாத்திரையில் அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்தபோது, அக்காதான் டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அதற்கான படிவத்தையும் நிரப்பி அனுப்பினார். அப்படி ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.) தடுப்பூசி என்றால் மட்டும் தயங்கினார். அமெரிக்காவில் மருந்துக்கடையிலேயே போடுகிறார்கள் என்று தெரியும், இங்கே கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் என்ன ஆவது, ஊசி போட்டவருக்கு ஒவ்வாமை வந்தால் கையில் என்ன இருக்கிறது, முறையான பயிற்சி கொடுத்தால் பார்க்கலாம் என்றார். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. தன்னால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்தவர்.

எல்லோரும் அவரைப் போல் நினைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே கடையில் மதியம் மாற்று வேலைக்கு வருகிற தம்பி ஒருவர், அவரும் படித்தவர்தான். "அண்ணே, அக்கா மாதிரி நானும் பேசலாம். சம்பளம் அதேதான், பேசி ஏதாவது தப்பாயிட்டா கேஸ் எம்மேல. எழுதினதக் கொடுத்தா யாரும் கேக்கமாட்டாங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு வருடம் பார்ம்.டி படித்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், 2008-இலிருந்து அந்தப் படிப்பு இருக்கிறது, நோயாளியோடு பேசுவதற்கென்றே வந்த படிப்பு. அவர்களில் எத்தனை பேர் இந்த மாதிரி ஊர்க் கடைக்கு, இந்தச் சம்பளத்துக்கு வருவார்கள்? இன்னொரு பக்கம், சர்ட்டிஃபிகேட்டை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு, அதற்குரிய ஆள் வேறு ஊரில் இருக்க, பத்தாவது படித்த பையன் மருந்து எடுத்துக் கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. எனக்கு ஆரஞ்சு மூடியைக் கொடுத்த கடையில் அன்றைக்கு யார் இருந்தார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சுவரில் சட்டம் போட்ட சர்ட்டிஃபிகேட் இருந்தது. கவுன்ட்டரில் ஒரு சின்னப் பையன்தான் இருந்தான்.

சரி, கடையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விமர்சனம் முழுசாகாது. உட்கார இடம் இல்லை. வயதானவர்களைக் கூட்டிப்போனால் பக்கத்து டீக்கடை பெஞ்சுதான். கம்பத்தில் பெரிய கடைகள் பத்துப் பதினைந்து சதவீதம் தள்ளுபடி தருகிற இடத்தில் இங்கே ஐந்துதான், அதுவும் எல்லாவற்றுக்கும் இல்லை. மாதாமாதம் நிறைய மாத்திரை வாங்குகிற குடும்பத்துக்கு இது உறைக்கும். அக்காவிடமே கேட்டேன். மறைக்காமல், தினமும் போடுகிற சர்க்கரை, பிரஷர் மாத்திரையை டாக்டரிடம் பிராண்ட் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் எழுதி வாங்கிக்கொண்டு, முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்குங்கள், அங்கே வாங்கினாலும் அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிவிட்டுப் போங்கள் என்றார். (முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரி 24-இல் ஒரே நாளில் ஆயிரம் திறந்தார்கள்.) தன் கடையில் வாங்காதே என்று சொல்கிற கடையை நான் இதுவரை பார்த்ததில்லை. அரிதான மருந்து என்றால் இருப்பு இருக்காது, முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். ஜி-பே வேலை செய்யாத நாளும் உண்டு, கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரைக்கும் போனால் அக்காவிடம் ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது, மருந்தை வாங்கிக்கொண்டு வரலாம், அவ்வளவுதான்.

மார்க் கேட்டால் ஐந்துக்கு நாலரை. அரை மார்க் உட்கார இடத்துக்கும் அந்தத் தடுப்புக்கும் பிடித்துவைத்திருக்கிறேன். அது அக்கா கையில் இல்லாத விஷயம் என்பதும் தெரியும்.

போகிறவர்களுக்கு: காலையில் பத்தரை முதல் பன்னிரண்டரைக்குள் போங்கள், அப்போதுதான் கடை ஓய்ந்திருக்கும். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும், ஊசி மருந்தையும், சிரிஞ்சையும், நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது சாப்பிட்டால் அதையும் சேர்த்து ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மலையில் எழுதின சீட்டு, கீழே எழுதின சீட்டு இரண்டும் வேண்டும். அவரே கேட்பார், சங்கடப்படாமல் கவுன்ட்டரில் கொட்டுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் தம்பி இருப்பார், அக்கா வருவது திரும்ப ஐந்து மணிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை அரை நாள்.